நுனி கிள்ளாத தொட்டி

குழாயில் முதலில் வருகிற தண்ணீரைச் செடிக்கு விடக் கூடாது, பகலெல்லாம் மொட்டை மாடியில் காய்ந்து கிடந்த ரப்பர் குழாய்க்குள் தண்ணீர் வெந்நீராகிக் கிடக்கும், அதை வாளியில் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, விரலில் குளிர்ச்சி தட்டிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். குற்றாலலிங்கம் அப்படித்தான் ஆரம்பித்தார். சீனியவரை ஆயிற்று, வெண்டை ஆயிற்று, கத்தரி ஆயிற்று, மிளகாய்க்குக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், இனி மூலையில் பச்சை வலைக்கு அடியில் நிற்கிற இது, இதற்கு வேரில் மட்டும் கொஞ்சம் போல விட வேண்டும், இலையில் அடித்தால் இதற்குப் பிடிக்காது, இதற்கு, இதற்குப் பேர் என்ன? குழாயைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். அவர் யோசித்து முடிக்கட்டும் என்று தண்ணீர் காத்திருக்குமா, அது பாட்டுக்கு அவர் கால்மேல் விழுந்து, கொதித்துக் கிடந்த தளத்தில் ஓடி, வடிகாலைத் தேடிப் போயிற்று. குழாயை மடக்கிப் பிடித்தார். சாம்பல் பூத்த மாதிரிப் பச்சை. கீறிக் கீறி விட்ட சின்னச் சின்ன இலை. தோவாளைக்குப் போயிருந்தபோது மனைவி கோமு நாற்றாக வாங்கி, பஸ்ஸில் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளே, அது. கனகாம்பரம் கட்டும்போது நாலு பூவுக்கு ஒரு நுனி என்று கிள்ளி வைத்துக் கட்டுவாளே, அது. எல்லாம் தெரிகிறது, வாங்கியது தெரிகிறது, வைத்தது தெரிகிறது, ஆட்டு எருவும் தென்னை நார்த்தூளும் கலந்து தொட்டியை நிரப்பியது தெரிகிறது, பேர் மட்டும் இல்லை. "மாடிக்கா போறிய, அப்படியே கொஞ்சம்..." என்று கோமு எத்தனை சாயங்காலம் கேட்டிருப்பாள். அவள் குரலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கொஞ்சம் வரைக்கும் தெளிவாக வருகிறது, அதற்கடுத்த சொல்லில் அவள் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. பேர் நாக்கு நுனியில் நிற்கிறது என்பார்கள். அவருக்கு நாக்கு நுனியிலும் இல்லை, அடியிலும் இல்லை. முன்பெல்லாம் இந்த வம்பே கிடையாது. ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தால் மணம் போய்ப் பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். பழக்கதோஷத்தில் குனிந்து ஓர் இலையைக் கசக்கி மூக்கில் வைத்தார். ஈரமாக இருந்தது. அவ்வளவுதான்.

தை மாதம் ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுக்கையில் போட்டது. காய்ச்சல் போகும்போது மூக்கின் வேலையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தார். சளி போயிற்று, மணம் திரும்பவில்லை. துளசி மணக்கவில்லை, கற்பூரவல்லி மணக்கவில்லை, பனி போய் மல்லிகை மறுபடி பூக்க ஆரம்பித்து, கோமு சொளகு நிறைய மொட்டைக் கொட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவருக்கு அது வெள்ளையாக மட்டும் இருந்தது. கோமுவிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் அருணாசலம் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்தில் காப்பித்தூள் கடை வைத்திருந்த மூத்த அண்ணன். தெருமுனையில் நின்றே கொட்டை எந்தப் பதத்தில் வறுபடுகிறது என்று சொல்கிற மூக்கு அது. ஒரு நாள் கொட்டை கரிந்து, புகை தெருவுக்கு வந்து, பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி உள்ளே போனால், அண்ணாச்சி மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். மூக்கு போனால் போகட்டும், கல்லாவில் இருக்கிற கண் போகவில்லையே என்றார். அப்புறம் கடைச் சாவியை வைத்த இடம் மறந்தது, அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் கடைக்குப் போகிற வழி மறந்தது, அப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசியாகப் போய்ப் பார்த்தபோது மதினி சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி ரொம்ப மரியாதையாக அவளிடம், "நீங்க யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டார். மதினி கை நடுங்காமல், "நான் கடையத்து வேலாயுதம் மக" என்று சொல்லி அடுத்த வாயை ஊட்டினாள். திரும்பி வரும்போது பஸ் வீரவநல்லூரைத் தாண்டியதும் கோமு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னைப் பாத்து அப்படி முழிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். ஏதோ அவர் கையில் இருக்கிற காரியம் போல. அவரும் ஏதோ தன் கையில் இருக்கிற காரியம் போல, "சரி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாக்குதான் இப்போது தொண்டையில் நிற்கிறது. மூக்கு போய்விட்டது என்று சொன்னால் கோமு அதோடு நிற்பாளா, அடுத்தது சாவி, அதற்கடுத்தது வழி, அதற்கடுத்தது தன் முகம் என்று இன்றைக்கே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள். காய்ச்சலில் மூக்கு போகிறவர்கள் நிறையப் பேர், கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடும் என்று பேப்பரில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். நிம்மதியாக இருந்தது. அதே டாக்டர் அதே பத்தியில் வேறு காரணங்களும் உண்டு என்று தொடங்கி மறதி நோய் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை மடித்து, நாற்று பொதிந்து கொடுக்க ஆகும் என்று மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டார். அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்ததா? வந்திருந்தால் இதுவும் அதுதான். வரவில்லையென்றால் இது வேறு. வந்ததா வரவில்லையா, யாரிடம் கேட்பது, மதினியிடம் கேட்டால் மறுநாளே கோமுவுக்குப் போன் வந்துவிடும். இத்தனை நாளும் மூக்கு ஒன்றுதான் என்று மனசைச் சமாளித்துக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பேரும் போய்விட்டதே.

போகட்டும், தானாக வரும், தேடினால் வராது, தேடாமல் இருந்தால் வரும். குழாயை நிமிர்த்திப் பாகல் பந்தலுக்குப் போனார். தேடாமல் இருப்பது என்று முடிவு செய்தவர், ம-வில் ஆரம்பிக்குமோ, க-வில் ஆரம்பிக்குமோ என்று தேடிக்கொண்டேதான் போனார். ஆனால் பாகல் பந்தல் அவரை வெகுநேரம் கவலைப்பட விடவில்லை. இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஒரு பிஞ்சு, நேற்று இல்லாதது, முள்ளும் முறுக்குமாக, மூக்கில் மஞ்சள் பூ இன்னும் உதிராமல் தொங்கியது. கை நீட்டப் போனவர் சுட்டுவிரலை மடக்கிக்கொண்டார். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும் என்பது கோமுவின் சட்டம், மாடிக்கு வருகிற விருந்தாளிகள்கூட விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும், மீறி நீட்டினால் விரலைக் கடித்துக்கொள்ளச் சொல்லுவாள், போன மாதம் கேஸ் கொண்டுவந்த ஆள் பாவம் எதற்கென்று தெரியாமலே கடித்துக்கொண்டு போனான். சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், இந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அக்கினி நட்சத்திர வெயில் பாளையங்கோட்டையையே வறுத்தெடுத்துவிட்டு இப்போதுதான் மேற்கே இறங்கியிருக்கிறது. தளத்தின் சூடு ரப்பர் செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்கு வருகிறது. வாடித் தலையைத் தொங்கப்போட்டிருந்த கத்தரி இலை தண்ணீர் குடித்ததும் ஒவ்வொன்றாக நிமிர்கிறது, உட்கார்ந்து பார்த்தால் நிமிர்வது கண்ணுக்கே தெரியும். மூக்கு இருந்த காலத்தில் இதையெல்லாம் எங்கே பார்த்தார், மூக்கை மல்லிகையில் நுழைத்துக்கொண்டு நின்றதோடு சரி. நார்த்தூள் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம், செடிப் பைக்குள்ளிருந்து குமிழ் வந்து உடைகிற சத்தம், இதற்குத் தனியாக ஒரு காது வந்திருக்கிறது அவருக்கு. வெண்டைப்பூவின் நடுவில் அந்தக் கருஞ்சிவப்பு எவ்வளவு ஆழமாகப் போகிறது. கத்தரிக்காய்த் தோலைத் தடவினால் விரலுக்கு அடியில் கண்ணாடியாக வழுக்குகிறது. தண்டுக்கீரை ஒரு மழைக்கு ஏங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கொடுக்கிற குழாய்த் தண்ணீரிலேயே கொழுத்துப்போய் நிற்கிறது, கள்ளக் கழுதை. செம்பருத்தியில் தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கி அவரைச் சட்டை செய்யாமல் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பேர் தேன்சிட்டு. இதற்குப் பேர் செம்பருத்தி. அதற்கு?

"ஏங்க," கீழேயிருந்து கோமுவின் குரல் படியேறி வந்தது. "வரும்போது மிளகா நாலு பறிச்சிட்டு வாங்க. கருவேப்பில ரெண்டு இணுக்கு."

"சரி சரி."

"சரி சரின்னுட்டு மறந்துராதிய."

அவள் எப்போதும் சொல்கிறதுதான், கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்கிறாள், ஒரு நாளும் அது தைத்ததில்லை, இன்றைக்குத் தைத்தது. மறந்துராதிய. மிளகாய் நாலு, கறிவேப்பிலை ரெண்டு இணுக்கு, மிளகாய் நாலு, கறிவேப்பிலை ரெண்டு இணுக்கு. உடனே பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடவில்லை. புத்தி எப்படி இருக்கிறது என்று ஒரு கை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர், அவருக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். திருப்பி, பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை. ஓர் ஊர்கூடத் தப்பவில்லை. எந்த டிரைவர் எந்த ஊரில் டீ குடிக்க வண்டியை நிறுத்துவான் என்பதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அப்படியானால் நாலு எட்டில் நிற்கிற இந்தச் செடி மட்டும் ஏன் எந்த ஸ்டாப்பிங்கிலும் ஏற மாட்டேன் என்கிறது? ஆனால் அண்ணாச்சியும் அப்படித்தான், மதினியைத் தெரியாதபோதும் பழைய காப்பிக் கொட்டை விலையை ஒரு மூச்சில் ஒப்பிப்பார். அந்த நினைப்பு வந்ததும் ஊர்களையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி மூலைக்கு வந்தார். வலைக்கு அடியில் குனிந்து பார்த்தார். செடி சௌகரியமாக இருந்தது. நுனியெல்லாம் கிளம்பி, ஒன்றின்மேல் ஒன்று அடர்ந்து, தொட்டியை மறைத்துக்கொண்டு, உச்சியில் சிலது பூக்கக்கூடப் பார்க்கிறது. இந்த வெயிலில் இப்படி வளர்கிறதென்றால் வலை போட்டதுதான் காரணம், வலை அவருடைய யோசனை, கோமு வேண்டாம் காசுக்குக் கேடு என்றாள். இதைக் கோமுவிடம் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லிக் காட்டுவதென்றால் பேரைச் சொல்லாமல் எப்படிச் சொல்லிக் காட்டுவது.

கோமுவிடம் ஒன்றும் வெளியே தெரியாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டதில் அவருக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு. ஒரே ஒரு தடவைதான் ஆபத்து வந்தது, அது செடிக்கு ஊற்றுகிற மீன் அமிலத்தால். சாளை மீன் கழிவையும் நாட்டுச் சர்க்கரையையும் சமமாகப் போட்டு, டப்பாவை இறுக மூடி, இருட்டில் வைத்துவிட வேண்டும். பக்குவமாகிவிட்டால் திறக்கும்போது பழவாசனை அடிக்கும், அதுதான் அடையாளம். காற்று உள்ளே போயிருந்தால் கெட்டுவிடும், கெட்டதை ஊற்றக் கூடாது. பங்குனியில் ஒரு நாள் திறந்தார், முகர்ந்தார், ஒன்றும் தெரியவில்லை, தெரியவில்லையென்றால் நாறவில்லை என்றுதானே அர்த்தம் என்று தண்ணீரில் கலந்து எல்லாப் பைக்கும் தாராளமாக ஊற்றிவிட்டார். பக்கத்து வீட்டு ஆரோக்கியம் டீச்சர் டபடபவென்று ஜன்னலைச் சாத்தினாள். கோமு சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடி வந்து, "என்னங்க இது, என்ன செத்துக் கெடக்கு?" என்றாள். அவர் சட்டென்று, "மருந்துன்னா நாறத்தான் செய்யும், செடிக்கு அதுதான் ருசி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கோமு கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நிற்பதைப் பார்த்தாளோ என்னவோ, அது பிறகுதான் உறைத்து, அவரும் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அவள் விளக்குமாற்றை எடுத்து வந்து தளத்தைக் கழுவிவிட்டுப் போனாள். தப்பித்தோம் என்று நினைத்தார். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தியோடு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார், ருசி தெரியாவிட்டாலும். அன்றிலிருந்து இன்னும் சாமர்த்தியமாக இருக்கிறார். குழம்பு மணம் தூக்குதே என்பார். மல்லி மணக்கு என்பார். சாயங்காலம் கோமு விளக்கேற்றிவிட்டுக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு மாடிக்கு வரும்போது பூ மணம் படியிலேயே வந்துட்டு என்பார், அது அவர் கல்யாணம் ஆன புதிதில் மெய்யாகவே சொல்ல ஆரம்பித்தது, முப்பது வருஷத்துக்குமேல் சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொல்லும். பொய் என்று அதைச் சொல்ல முடியாது, மணம் இருக்கத்தான் செய்யும், தனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே.

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. வந்துவிட்டாள். மிளகாய், கறிவேப்பிலை, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இருந்தது. கோமு ஒரு கையில் காப்பித் தம்ளரோடு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த இன்னொரு வாளியில் உட்கார்ந்தாள். அடுப்படிச் சூட்டில் முகம் மினுங்கியது. கொண்டையில் கனகாம்பரம். வெளிச்சம் குறைந்து எல்லாம் மங்கிக்கொண்டு வருகிற நேரத்தில் அந்த நிறம் மட்டும் குறையவே இல்லை. அவர் காப்பியை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். சூடு, இனிப்பு, கசப்பு, அதற்குமேல் ஒன்றும் கிடையாது, ஆனாலும் அவள் கையால் வாங்கிக் குடிப்பது நன்றாகத்தான் இருந்தது.

"பூ மணம் படியிலயே வந்துட்டு," என்றார்.

கோமு பாகல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மணம்?" என்றாள்.

"இதென்ன கேள்வி. பூ மணம்தான்."

"அதான், எந்தப் பூ மணம்?"

"உன் தலையில இருக்குல்லா, அது. கூட வச்சுக் கட்டுவியே, பச்சையா, அந்த மணம்." பேரைச் சொல்லாமல் தாண்டிவிட்டார்.

"அதை நான் வைக்கல," என்றாள் கோமு.

திரும்பி உட்கார்ந்து கொண்டையைக் காட்டினாள். வெறும் கனகாம்பரம். பூவும் பூவும் பூவும், நடுவில் ஒரு பச்சை நுனி இல்லை. கனகாம்பரத்துக்கு நிறம்தான் உண்டு, மணம் கிடையாது, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் மூலையைப் பார்த்தார். கிளம்பி அடர்ந்து பூக்கப் பார்க்கிற நுனிகள். வலையால் வளர்ந்ததாம், தன் யோசனையாம். கிள்ளாததால் வளர்ந்திருக்கிறது. எத்தனை நாளாகக் கிள்ளாமல் இருந்தால் இப்படி அடரும்? தினமும் தண்ணீர் விட்டவர் தினமும் பார்த்திருக்கிறார், பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். காப்பித் தம்ளர் கையில் கனத்தது.

"மீன் தண்ணி ஊத்துன அன்னைக்கே எனக்குத் தெரியும்," என்றாள் கோமு. அவள் முகத்தைத் திருப்பவில்லை. "ஊரே மூக்கைப் பொத்துது, நீங்க சந்தனம் தெளிச்ச மாதிரி நிக்கிய. மறுநா சும்மா பாப்பம்னு வெறும் பூவை வச்சிட்டு வந்தேன். மணக்குன்னிய. சரி, பழக்கத்துல சொல்லுதியன்னு விட்டேன். பொறவு நித்தமும் அப்படியேதான் வச்சிட்டு வாரேன். ஒரு நாளாவது, என்ன கோமு, இன்னைக்கி மணத்தையே காணோம்னு கேப்பியளான்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க மணக்கு மணக்குங்கிய."

"கோமு..."

"கத்திரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதான ஆவணும். எத்தன நாளைக்கிச் செடியிலயே வச்சிருப்பிய?"

அவருக்குக் கோபம் வரும்போல இருந்தது, வரவில்லை. வெட்கம் வந்தது. அதற்குப் பின்னால், அவரே எதிர்பார்க்காமல், ஒரு பெரிய லேசு வந்தது, தலைச்சுமையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கிவைத்தது போல. தம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். "அண்ணாச்சிக்கும் மூக்குதான மொதல்ல போச்சு," என்றார்.

"அதுவும் தெரியும். அதான் நீங்க சொல்லலன்னும் தெரியும்."

"எனக்குப் பயமா இருக்கு கோமு."

"எனக்கு மட்டும் இல்லியா?" இப்போதுதான் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. "ஒரே வீட்டுக்குள்ள இருந்துட்டு ஆளுக்கொரு மூலையில பயந்துட்டுக் கெடந்திருக்கோம். அண்ணாச்சிக்கு வந்தா உங்களுக்கும் வரணும்னு சட்டமா? காய்ச்சல் வந்துதான மூக்கு போச்சு? மதினிட்ட கேட்டுட்டேன், அண்ணாச்சிக்குக் காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல."

"மதினிட்ட கேட்டியா?"

"பின்ன? நாளைக்கி மூக்கு டாக்டரைப் போய்ப் பாப்போம். அவரு என்ன சொன்னாலும் ரெண்டு பேருமாக் கேட்டுட்டு வருவோம்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுவரைக்கும் மணக்கு கிணக்குன்னு சொன்னிய, பாத்துக்கிடுங்க. மணக்கலன்னா மணக்கலன்னு சொல்லுங்க. எனக்கு மூக்கு இருக்குல்லா, நான் சொல்லுதேன் என்ன மணம்னு."

அவர் தலையை ஆட்டினார். தேன்சிட்டு போய்விட்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இப்போதே மற்றதையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். மூக்கு மட்டும் இல்லை கோமு, இன்றைக்கு ஒரு பேரும் போய்விட்டது, மூலையில் நிற்கிறதே, அதற்குப் பேர் எனக்குத் தெரியவில்லை. மூக்கைப் பற்றிச் சொல்வது இத்தனை லேசாக இருந்தது, இதைச் சொல்ல வாய் வரவில்லை. மூக்கு போனதை டாக்டர் கேட்கட்டும். பேர் போனதைக் கேட்டால் கோமுவின் முகம் என்ன ஆகும்? இல்லை, இதை நாளைக்குச் சொல்லலாம், இன்றைக்கு ஒன்று போதும். மறுபடியும் ஒன்றை மறைக்க ஆரம்பிக்கிறோமே என்று அவருக்கே தன்னை நினைத்துச் சலிப்பாக இருந்தது. கோமு முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"எல்லாத்துக்கும் தண்ணி விட்டாச்சா?"

"மிளகாய்க்கு விடணும். அப்புறம்..." நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம் அந்தத் தொட்டி," என்றாள் கோமு. அது என்னவோ பிஞ்சு போலச் சுட்டுவிரலை மடக்கிக்கொண்டு வலைக்கு அடியில் காட்டினாள். "அதான், அங்கன நிக்குல்லா. அது பேரு..." விரல் மடங்கியபடியே காற்றில் நின்றது. "அட, வருதே. நாக்குலயே நிக்கு, சனியன் வெளிய வர மாட்டேங்கு."

அவர் அவளைப் பார்த்தார். மங்கிய வெளிச்சத்தில் அவள் முகத்தில் கேலி ஒன்றும் இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, மெய்யாகவே தேடுகிறவள் மாதிரி உதட்டை ஓசையில்லாமல் அசைத்துக்கொண்டு நின்றாள். அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, சாயங்காலம் முழுக்க அழைத்தும் வராதது, அழைக்காமலே வந்து நாக்கில் விழுந்தது.

"மரிக்கொழுந்து!" என்றார். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"ஆங், மரிக்கொழுந்து," என்றாள் கோமு. "அதேதான்."

போய்க் குனிந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு நுனிகளைக் கிள்ளி மடியில் போட ஆரம்பித்தாள். பூக்கப் பார்த்த உச்சியையெல்லாம் கிள்ளினாள். "நல்லா மணக்குங்க," என்றாள் திரும்பாமலே. தினமும் வாய் நிறையக் கேட்டு வாங்கிக் கட்டின பெண்பிள்ளை, தோவாளையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தவள், மரிக்கொழுந்தின் பேரை மறப்பாளா? அவர் அதைச் சொல்லாமல் தாண்டியபோதே கண்டுபிடித்திருப்பாளோ? மறந்தாளோ, அவருக்காக மறந்தாளோ, அவர் கேட்கவில்லை. இத்தனை நாள் அவர் அவளிடம் மணக்கு மணக்கு என்று சொல்லியிருக்கிறார், அவளும் அவள் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகட்டும். சட்டைப் பையிலிருந்த மிளகாயையும் கறிவேப்பிலையையும் எடுத்து அவள் மடியில் போட்டார். பிறகு மடக்கிப் போட்டிருந்த குழாயை எடுத்து நிமிர்த்தி, இலையில் படாமல், மரிக்கொழுந்துக்கு வேரில் மட்டும் கொஞ்சம் போலத் தண்ணீர் விட்டார்.